பகடை மட்டும்தானா பிரச்சினை? குவாண்டம் கட்டுரையைப் பத்தி ஒரு வாசகர் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல வந்த குவாண்டம் இயற்பியல் கட்டுரையையும் அதுக்கப்புறம் வந்த ரெண்டு வாசகர் கடிதத்தையும் படிச்சேன், படிச்சதுலருந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் இது. கொஞ்சம் நீளமாயிடுச்சு. வெட்டறதா இருந்தா என் கோபத்தை எல்லாம் வெட்டிக்கங்க, ஜான் பெல்ங்கற இயற்பியலாளர் பத்தின பகுதியை மட்டும் விட்டுடுங்க.

கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு. 1925ல ஹெய்சன்பர்க் எழுதின பேப்பர், 1926ல ஷ்ரோடிங்கர் கொண்டுவந்த சமன்பாடு, அதே வருஷம் மாக்ஸ் போர்ன் சொன்ன நிகழ்தகவு விளக்கம், எல்லாம் ஒழுங்கா வரிசையா வந்துச்சு. ஆனா முடிக்கும்போது, ஐன்ஸ்டீனுக்கு வயசான காலத்துல புது விஷயத்தை ஏத்துக்க மனசு வரலை, கடவுள் பகடை ஆடமாட்டார்னு சொல்லிட்டே இருந்தார், பின்னாடி சோதனை வந்து அவர் தப்புன்னு காட்டிருச்சு, கதை முடிஞ்சதுங்கற மாதிரி முடிச்சிட்டார். அதுக்கு வந்த முதல் கடிதம், பாக்கறதுக்கு ஆள் இருந்தாத்தான் உலகமே இருக்குன்னு விஞ்ஞானமே ஒத்துக்கிச்சுன்னு குதிக்குது. ரெண்டாவது கடிதம், கணக்கு சரியா வருதுல்ல, அப்புறம் என்ன தத்துவம் வேண்டிக்கிடக்குன்னு அதட்டுது. மூணு பேரும் மூணு திசையில நிக்கறாங்க, ஆனா விவரம் தெரிஞ்ச இயற்பியலாளர்களுக்கே இந்தத் தியரியில எந்த இடம் உறுத்துதுன்னு மூணு பேர்ல ஒருத்தர் கூட கேக்கலை.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இல்லைன்னா நான் ஏதோ குவாண்டமே பொய்னு சொல்ற கோஷ்டின்னு நினைச்சுப்பீங்க. கணக்குல யாருக்கும் சந்தேகம் கிடையாது. எலக்ட்ரான் ஒரு குட்டி காந்தம் மாதிரி நடந்துக்கும், அந்தக் காந்த அளவை தியரியில கணக்குப் போட்டும் பாக்கலாம், லேப்ல அளந்தும் பாக்கலாம், ரெண்டும் கிட்டத்தட்ட 12 இலக்கம் வரைக்கும் ஒத்துப்போகுது. இந்த அளவுக்கு உரசிப் பாத்த தியரி மனுஷன் கையில வேற இருக்கான்னு தெரியலை. உறுத்தல் இருக்கறவங்க இது எல்லாத்தையும் ஒத்துக்கிட்டுத்தான் பேசறாங்க, சொல்லப்போனா இவ்வளவு சரியா வர்றதாலதான் உறுத்தலே அதிகம், ஏன்னா தப்பான தியரின்னா தூக்கிப் போட்டுட்டுப் போயிடலாம்.

உறுத்தல் எங்கன்னு காட்ட ஒரே ஒரு சோதனையைச் சொல்றேன். 1989ல டோனோமுரான்னு ஜப்பான் விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் ஹிட்டாச்சி லேப்ல பண்ணது. எலக்ட்ரானை ஒவ்வொண்ணா அனுப்பினாங்க, ஒண்ணு போய்ச் சேர்ந்தப்புறம்தான் அடுத்தது கிளம்புங்கற அளவுக்கு மெதுவா. போற வழியில ரெண்டு பாதை, அந்தப் பக்கம் ஒரு திரை. ஒரு எலக்ட்ரான் வந்து விழுந்தா திரையில ஒரு புள்ளி. ஒரே ஒரு இடத்துல, சுத்தமா ஒரு புள்ளி, அலை மாதிரி பரவலா எதுவும் இல்ல. அடுத்தது வேற எங்கயோ ஒரு புள்ளி. பத்து இருபது புள்ளி வரைக்கும் பாத்தா யாரோ கண்ணை மூடிக்கிட்டு மை தெளிச்ச மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்குல சேரச் சேர மெல்லக் கோடு கோடா தெரிய ஆரம்பிக்கும், இன்னும் சேர்ந்தா பட்டை பட்டையா, வெளிச்சம் இருட்டு வெளிச்சம் இருட்டுன்னு பளிச்சுன்னு நிக்கும். ரெண்டு பாதையும் திறந்திருந்தாத்தான் இந்தப் பட்டை வரும், ஒண்ணை மூடிட்டா போச்சு. இப்போ யோசிங்க, ஒத்தையா வந்த எலக்ட்ரானுக்கு ரெண்டாவது பாதை திறந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது? விழறப்போ ஒரே இடத்துல புள்ளியா விழுந்த ஆசாமி வழியில எப்படி இருந்தார்? எந்த இடத்துல எத்தனை புள்ளி விழும்னு தியரி கச்சிதமாச் சொல்லும். வழியில என்ன நடந்துச்சுன்னு கேட்டா பாடப்புத்தகம் பேச்சை மாத்தும்.

இந்த உறுத்தலுக்குள்ள தனித்தனியா மூணு புகார் இருக்கு. மூணையும் ஒரே மூட்டையாக் கட்டிப் பேசறதாலதான் விவாதம் எல்லாம் சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வருது.

பகடை, அதாவது எல்லாம் தற்செயலா நடக்குதேங்கற புகார், மூணுல இதுதான் சின்னது. உலகத்துல அடிப்படையிலேயே தற்செயல் இருக்குன்னா இருந்துட்டுப் போகட்டும், பழகிக்கலாம், இதுக்காகத் தூக்கம் கெட்ட இயற்பியலாளர் இன்னைக்கு ரொம்பக் கொஞ்சம்தான். ஐன்ஸ்டீனும் இதுக்காகத்தான் அழுதார்ங்கறது நம்ம கட்டுரையாளர் மாதிரி பல பேர் நம்பிட்டிருக்கற கதை. 1926 டிசம்பர்ல போர்னுக்கு எழுதின கடிதத்துல பகடை வாக்கியம் இருக்கறது நிஜம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா 1952ல டேவிட் போம் ஒரு தியரி கொண்டுவந்தார், அதுல பகடையே கிடையாது, எல்லாம் முன்னாடியே தீர்மானிச்சபடி போகும், விடை மட்டும் குவாண்டம் குடுக்கற அதே விடை. ஐன்ஸ்டீனோட குறை பகடை மட்டும்தான்னா ஓடிப்போய் போமைக் கட்டிப்பிடிச்சிருக்கணும்ல? அவரோ போர்னுக்கு எழுதறப்போ இந்த வழி ரொம்ப மலிவாத் தெரியுதேன்னு எழுதினார். 1954ல பௌலிங்கற இயற்பியலாளர் அதே போர்னுக்கு ஒரு கடிதம் போட்டு, ஐன்ஸ்டீன் நிர்ணயவாதத்தை, அதாவது எல்லாம் முன்னாடியே தீர்மானிச்சதுங்கறதை, பெருசாப் பிடிச்சுத் தொங்கலை, நாம பாத்தாலும் பாக்காட்டியும் ஒரு நிஜ நிலைமை இருக்கணும்ங்கறதுதான் அவரோட பிடி, நீங்க அவர் சொல்றதைச் சரியாக் காதுல வாங்கலைன்னு கிட்டத்தட்ட திட்டியே எழுதினார். பௌலி ஐன்ஸ்டீன் கட்சி ஆளே கிடையாது, இந்த விவாதத்துல ஐன்ஸ்டீனுக்கு எதிரா நின்ன நீல்ஸ் போர்ங்கற இயற்பியலாளர் பக்கம் முழுக்க. எதிர்க்கட்சி ஆளு சொல்ற வாதத்தை அந்த ஆளே தலையாட்டற மாதிரி திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் மறுக்கறது இருக்கே, அந்தப் பழக்கத்துக்கு பௌலி கடிதம் நல்ல உதாரணம், இத்தனைக்கும் அந்த மனுஷன் வாய்த்துடுக்குக்குப் பேர் போனவர்.

ரெண்டாவது புகார் தூரம். 1935ல ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூணு பேரும் எழுதின பேப்பர் இதைப் பத்தித்தான். ரெண்டு துகள் ஒண்ணா பிணைஞ்சு கிளம்பி தூரதூரமாப் போயிடுது. இங்க ஒண்ணை அளந்தா அங்க இருக்கறதோட விடை உடனே தெரிஞ்சுடுது. ஒண்ணு, அங்க இருக்கறதுக்கு விடை முன்னாடியே இருந்திருக்கணும், அப்படின்னா அதைச் சொல்லாத குவாண்டம் தியரி அரைகுறை. இல்லைன்னா இங்க நாம பண்ணது அங்க ஏதோ பண்ணிருச்சு. ஐன்ஸ்டீன் முதலாவதைப் பிடிச்சுக்கிட்டார். அந்தப் பேப்பரை எழுத்துல வடிச்சது பொடோல்ஸ்கி, கணக்குக்குள்ள நான் சொல்ல வந்ததே அமுங்கிப் போச்சுன்னு ஐன்ஸ்டீன் ஷ்ரோடிங்கர்கிட்ட புலம்பியிருக்கார், அது தனிக் கதை.

முன்னாடியே விடை இருந்தா இதுல என்னய்யா அதிசயம்னு ஜான் பெல்லும் கேட்டார். இதுக்கு அவர் பின்னாடி ஒரு உதாரணம் சொன்னார். அவர் கூட செர்ன்ங்கற ஐரோப்பிய ஆய்வுக்கூடத்துல வேலை பாத்த பெர்ட்ல்மன்னு ஒரு இயற்பியலாளர், எப்பவும் ஒரு கால்ல ஒரு கலர் சாக்ஸ், இன்னொரு கால்ல வேற கலர். ஒரு கால் பிங்க்னு பாத்துட்டா இன்னொரு கால் பிங்க் இல்லைன்னு பாக்காமலே தெரிஞ்சுடும், இதுல மர்மம் ஒண்ணும் இல்ல, காலைல போட்டுட்டு வந்தது. துகளும் அப்படித்தானா, கிளம்பறப்பவே சாக்ஸ் போட்டுக்கிட்டுதான் கிளம்புதான்னு பாக்க வழி இருக்கான்னு யோசிச்சு, இந்த சாக்ஸ் உதாரணத்துக்கு ரொம்ப முன்னாடியே, 1964ல ஒரு சின்னப் பேப்பர் எழுதினார். இருக்குன்னு காட்டிட்டார். ரெண்டு பக்கமும் என்ன கேள்வி கேக்கப் போறோம், அதாவது எதை அளக்கப் போறோம்ங்கறதைக் கடைசி நொடியில மாத்தி மாத்திக் கேட்டா, முன்னாடியே விடை தயாரா வெச்சிருக்கற துகள்களால ஒரு வரம்புக்கு மேல ஒத்துப்போக முடியாது. இந்தச் சோதனைக்குன்னு பின்னாடி வந்த கணக்குல அந்த வரம்பு 2. குவாண்டம் 2.83 வரைக்கும் போகலாம்னு சொல்லுது.

இது எனக்கு இன்னைக்கும் புல்லரிக்கற விஷயம், ஏன்னா முப்பது வருஷமா வெறும் தத்துவம்னு ஒதுக்கி வெச்சிருந்த சண்டை ஒரே ஒரு நம்பரா மாறிப்போச்சு. 1972ல க்ளௌசரும் ஃப்ரீட்மனும் அளந்தாங்க, 1981, 82ல ஆஸ்பே இன்னும் கெட்டியா அளந்தார், 2015ல நெதர்லாந்துல டெல்ஃப்ட்ல 1.3 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு வைரத்துக்குள்ள ஆளுக்கொரு எலக்ட்ரானை வெச்சு, ஒரு பக்கத்துச் சேதி இன்னொரு பக்கம் ஒளி வேகத்துல கிளம்பினா கூட சேர முடியாத நேரத்துக்குள்ள கேள்வி பதில் ரெண்டையும் முடிச்சு, 245 தடவை எடுத்த கணக்குல 2.42 வந்துச்சு. ரெண்டைத் தாண்டிருச்சு. சாக்ஸ் கதை எடுபடலை. 2022ல ஆஸ்பே, க்ளௌசர், சைலிங்கர் மூணு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. பெல் 1990லயே போயிட்டார், பாவம்.

இங்கதான் நம்ம கட்டுரையாளர் சறுக்கினது. ஐன்ஸ்டீன் தப்பு, நீல்ஸ் போர் சரின்னு சோதனை சொல்லலை. தூரத்துல இருக்கறது உடனே பாதிக்காது, விடைகள் முன்னாடியே இருக்கு, இந்த ரெண்டும் சேர்ந்து நிக்க முடியாதுன்னுதான் சொல்லுது. (கேள்வியைத் தேர்ந்தெடுக்கறதுல கூட சதி இருக்கலாம்னு மூணாவது ஒரு ஓட்டையைக் காட்டறவங்களும் உண்டு, கொஞ்சப் பேர்தான்.) பெல்லுக்கே போமோட தியரி ரொம்பப் பிடிக்கும், அதுல துகளுக்கு எப்பவும் ஒரு இடம் இருக்கு, ஆனா ஒரு துகள் எப்படி நகருதுங்கறது அந்த நேரத்துல எங்கயோ இருக்கற இன்னொரு துகளையும் பொறுத்தது. அதாவது நிஜத்தை வெச்சுக்கிட்டு தூரத்தை விட்டுக்குடுத்தார். அதனால பெல் சோதனை வந்து நிஜ உலகம்னு ஒண்ணு கிடையாதுன்னு நிரூபிச்சிருச்சுன்னு யாராவது எழுதினா தயவுசெஞ்சு அச்சுல ஏத்தாதீங்க. இதை வெச்சு ஒளியை விட வேகமா சேதி அனுப்பலாம்ங்கறதும் கிடையாது, ஒரு பக்கத்துல மட்டும் நின்னு பாத்தா வெறும் தற்செயலாத்தான் தெரியும், ரெண்டு நோட்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டாத்தான் ஒத்துப்போறது புரியும்.

மூணாவது புகார்தான் பெருசு, அளவீடு. பாடப்புத்தகத்துல ரெண்டு விதி இருக்கு. சும்மா விட்டா அலைச் சார்பு (எந்த விடை வர எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் போட உதவற கணித விவரிப்பு) ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுப்படி வழுக்கிக்கிட்டுப் போகும், அளந்தா பொட்டுனு ஒரு விடைக்குச் சுருங்கிடும். சரி, அளக்கறதுன்னா என்ன? அதைச் சொல்ல மாட்டாங்க. அளக்கற கருவியும் அணுவாலதான் ஆகியிருக்கு, அதுக்கும் அதே சமன்பாடுதானே? அணு இப்படியும் அப்படியும் கலந்த நிலையில இருந்தா, சமன்பாட்டுப்படி மீட்டர் முள்ளும் இடமும் வலமும் கலந்த நிலைக்குப் போகணும், அதைப் பாக்கற ஆளும் ரெண்டு விதமாப் பாத்த நிலைக்குப் போகணும். ஆனா முள் ஒரு இடத்துலதான் நிக்குது. 1935 ஆகஸ்ட்ல ஐன்ஸ்டீன் ஷ்ரோடிங்கருக்கு எழுதின கடிதத்துல ஒரு வெடிமருந்து உதாரணம் வரும், வெடிச்சதும் வெடிக்காததும் கலந்த மாதிரி ஒரு நிலைமை நிஜத்துல உண்டான்னு. அதுக்கப்புறம்தான் ஷ்ரோடிங்கரோட பூனை வந்துச்சு. பூனை செத்தும் பொழைச்சும் இருக்குன்னு அவர் நம்பிச் சொல்லலை, பாருங்கய்யா உங்க சமன்பாட்டை அப்படியே நம்பினா இந்தக் கூத்துல போய் நிக்கும்னு காட்டத்தான் சொன்னார். கட்டுரையில அந்தப் பூனை குவாண்டத்தோட சாதனை மாதிரி படம் போட்டு வந்திருக்கு.

விவாதம் பண்றவங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆயுதம் டிம் மாட்லின்னு ஒரு தத்துவவாதி 1995ல குடுத்தது. மூணு வாக்கியம். அலைச் சார்புதான் முழு விவரம், அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. அது எப்பவும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுப்படிதான் மாறும். அளந்தா ஏதாவது ஒரே ஒரு விடைதான் வரும். தனித்தனியா எதைக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டத் தோணும், ஆனா மூணும் சேர்ந்து உண்மையா இருக்க முடியாது. அதனால எதிர்ல உக்காந்து பேசறவர்கிட்ட வேற எதுவும் கேக்க வேண்டாம், இந்த மூணுல நீங்க எதை விடறீங்கன்னு மட்டும் கேளுங்க. அவர் சொல்ற பதில்லருந்து பேச்சு தானா ஒழுங்குக்கு வரும்.

போம் ஆளு முதல் வாக்கியத்தை விடுவார், அலைச் சார்போட கூட துகளுக்கு நிஜமா ஒரு இடமும் இருக்கும்பார். விலை என்னன்னா தூரத்துப் பாதிப்பை வெளிப்படையா ஏத்துக்கணும், அதை சார்பியல் தியரியோட உக்கார வைக்கறது பெரிய தலைவலி. 1957ல எவரெட் தன் பிஎச்டியில மூணாவதை விட்டார், எல்லா விடையும் நடக்குது, நாம ஒரு கிளையில இருக்கோம்னு. சமன்பாட்டைத் தொடவே இல்ல, அந்த அளவுக்கு சுத்தம், ஆனா எல்லாமே நடக்குதுன்னா 70 சதவீத வாய்ப்பு, 30 சதவீத வாய்ப்புங்கறதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா மூச்சு வாங்கும். 1986ல கிரார்டி, ரிமினி, வெபர்னு மூணு பேர் ரெண்டாவதை விட்டாங்க. எனக்குப் பிடிச்ச துணிச்சல் இது. ஒவ்வொரு துகளும் தானா, யாரும் பாக்காமலே, எப்பவாவது ஒரு தடவை சுருங்கும், ஒரு துகளுக்குக் கிட்டத்தட்ட 30 கோடி வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சாங்க. ஒத்தை எலக்ட்ரானுக்கு அது நடக்கவே நடக்காதுன்னு சொல்லிடலாம், ஆனா மீட்டர் முள்ளுல துகள் எண்ணிக்கை ஒண்ணுக்குப் பின்னாடி இருபது இருபத்திரெண்டு சைபர் போடற அளவுக்கு இருக்கும், அதுல ஏதோ ஒண்ணு கண்ணிமைக்கறதுக்குள்ள சுருங்கிடும், மொத்த முள்ளையும் இழுத்துட்டுப் போயிடும். அழகுதான், ஆனா அந்த 30 கோடி எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா, கையால போட்டதுதான்.

நீல்ஸ் போர் வழி வந்தவங்களும் க்யூபிஸம்காரங்களும் (QBism, ஓவியத்துல வர்ற க்யூபிஸம் இல்ல) கேள்வியையே மறுப்பாங்க. அலைச் சார்பு உலகத்தோட படமே இல்ல, நமக்கு என்ன எதிர்பார்ப்புங்கற கணக்குதான், அது சுருங்கினா நம்ம எதிர்பார்ப்புதான் மாறிச்சுன்னு. மதிக்க வேண்டிய நிலைப்பாடு. ஆனா அப்ப உலகத்துல என்னதான் இருக்குன்னு கேட்டா அதுக்குப் பதில் வேணும்ல, அந்தக் கேள்வியைக் கேக்காதேங்கறதை எல்லாராலும் பதிலா எடுத்துக்க முடியாது. அப்புறம் டீகோஹீரன்ஸ் வந்துச்சே, எல்லாம் தீந்துச்சேன்னு ஒரு கூட்டம் சொல்லும். 1970ல ஸே ஆரம்பிச்சு பின்னாடி ஸூரெக் வளர்த்தது, சுத்தியிருக்கற காத்தும் ஒளியும் இடிச்சு இடிச்சு கலந்த நிலையோட அடையாளத்தை அழிச்சுடும்ங்கறது. பூனையை ஏன் கலந்த நிலையில பாக்க முடியறதில்லைன்னு அது அருமையாச் சொல்லும். ரெண்டுல எது நடந்துச்சுன்னு சொல்லாது. இந்த வித்தியாசத்தைப் பேச்சு வேகத்துல முழுங்கிட்டுப் போறவங்கதான் அதிகம்.

இனி எப்படி விவாதம் பண்ணக் கூடாதுங்கறதுக்கு வர்றேன், இதுலதான் எனக்கு ஆத்திரம். பெரிய மனுஷன் பேரைச் சொல்லி வாயை அடைக்கக் கூடாது. 1932ல வான் நாய்மன்ங்கற கணித மேதை தன் புத்தகத்துல, அலைச் சார்புக்கு அடியில மறைஞ்ச விவரம் எதுவும் இருக்க முடியாதுன்னு கணக்காவே நிரூபிச்சிட்டதா எல்லாரும் நம்பினாங்க. வான் நாய்மன் சொன்னா யார் எதிர்த்துப் பேசுவா? 1935ல கிரேட்டே ஹெர்மன்னு ஒரு ஜெர்மன் பெண், கணிதமும் தத்துவமும் படிச்சவங்க, அந்த நிரூபணத்துல ஒரு இடத்துல நிரூபிக்க வேண்டியதையே அனுமானமா வெச்சிருக்காருன்னு காட்டினாங்க. ஒரு ஆள் சீண்டலை. 1952ல போம் தியரி வந்து நடக்காதுன்னு சொன்னதை நடத்தியே காட்டிருச்சு, அப்பவும் பெரும்பாலானவங்க திரும்பிப் பாக்கலை. 1966ல பெல் எழுதினப்புறம்தான் ஓட்டை ஊருக்கே தெரிஞ்சுது. முப்பது வருஷம்! போமோட கதை இன்னும் மோசம். 1949ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு கம்யூனிஸ்ட் விசாரணைக்குக் கூப்பிட்டு, அவர் பதில் சொல்ல மறுத்து, 1950ல கைதாகி, அடுத்த வருஷம் விடுதலையாகியும் பிரின்ஸ்டன் வேலை போய் பிரேசிலுக்குக் கிளம்ப வேண்டியதாச்சு. அந்தக் காலத்துல எந்த விளக்கம் ஜெயிச்சுதுங்கறதுல இயற்பியல் எவ்வளவு, மத்தது எவ்வளவுன்னு பிரிக்கறது சுலபமில்ல.

ஓட்டெடுப்பும் வேலைக்காகாது. 2025ல நேச்சர் பத்திரிகை ஒரு சர்வே எடுத்துச்சு, 1,100க்கும் மேல ஆராய்ச்சியாளர்கள் பதில் சொன்னாங்க, அதுல நீல்ஸ் போர் வழி வந்த கோபன்ஹேகன் விளக்கத்துக்கு 36 சதவீதம், மிச்சம் எல்லாம் பல பக்கம் சிதறிப் போச்சு. நூறு வருஷம் கழிச்சும் இந்தத் துறைக்காரங்களுக்குள்ளயே பாதி பேர் கூட ஒரு பக்கம் நிக்கலைங்கறதை இதுலருந்து எடுத்துக்கலாம், அவ்வளவுதான். 36 சதவீதம் பேர் சொன்னது அதை விடக் கம்மியான பேர் சொன்னதை விட உண்மைன்னு எடுத்துக்க முடியாது.

கணக்கு வருதுல்ல போதும்னு எழுதின நண்பருக்கு: உங்களை மாதிரி நினைச்சவங்கதான் ரொம்ப காலம் மெஜாரிட்டி. பெல் சோதனை பண்ணப் போறேன்னு ஆஸ்பே போய்ச் சொன்னப்போ பெல் கேட்ட முதல் கேள்வி, உனக்கு நிரந்தர வேலை இருக்கான்னுதான். அந்த அளவுக்கு இந்தப் பக்கம் வர்றவனுக்கு எதிர்காலம் இல்லைங்கற நிலைமை. ஆனா பாருங்க, 1985ல டேவிட் டாய்ச்ங்கற இயற்பியலாளர் குவாண்டம் கணினிக்கு அடித்தளம் போட்டப்போ அவர் மனசுல இருந்தது எவரெட்டோட பல உலகம், 1991ல எக்கர்ட்ங்கற இயற்பியலாளர் பெல் வரம்பையே பூட்டா வெச்சு ரகசியக் குறியீட்டு முறை எழுதினார். அதுக்காக தத்துவம் பேசினா பணம் கொட்டும்னு நான் சொல்ல வரலை, பயனில்லாத பேச்சுன்னு முன்கூட்டியே முத்திரை குத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

பாக்கறவன் இருந்தாத்தான் உலகம்னு எழுதின நண்பருக்கு: 1961ல விக்னர் அப்படி ஒரு வாதம் வெச்சது உண்மை, பெரிய நோபல் ஆளு, ஆனா பின்னாடி அவரே அதுலருந்து விலகி வந்துட்டார். டோனோமுரா திரையில புள்ளி விழறதுக்கு யார் மனசும் தேவைப்படலை, ராத்திரி பூரா கருவியை ஓட விட்டுட்டு காலைல வந்து பாத்தாலும் பட்டை அங்கதான் இருக்கும். மனசுதான் சுருக்குதுன்னு நீங்க உறுதியா நம்பினா சரி, உயிரே இல்லாத கோடிக்கணக்கான வருஷம் இந்த உலகத்துல என்ன நடந்துட்டிருந்துச்சுன்னு பெல் கேட்டாரே, ஒரு செல் உயிர் போதுமா இல்ல பிஎச்டி முடிச்ச ஆள் வர்ற வரைக்கும் காத்திருந்துச்சான்னு, அதுக்கு முதல்ல பதில் எழுதிட்டு அடுத்த கடிதம் போடுங்க.

இன்னொண்ணையும் சேத்துக்கங்க. இந்தச் சண்டையில எது லேப்ல தீரும், எது தீராதுங்கறதைப் பிரிச்சுப் பேசணும். போம், எவரெட், கோபன்ஹேகன் மூணும் இன்னைக்குப் பண்ற சோதனைகள்ல ஒரே விடையைக் குடுக்கும், அங்க வாதம் எளிமை, விலை, சார்பியலோட பொருத்தம் இப்படித்தான் நடக்கும், நடக்கட்டும். ஆனா தானா சுருங்கும்ங்கற தியரிக்கு அப்படி இல்ல, அது தப்புன்னா மாட்டிக்கும். 2019ல வியன்னா ஆளுங்க 2,000 அணு இருக்கற ஒரு மூலக்கூறையே அலை மாதிரி ரெண்டு வழியா அனுப்பிப் பட்டை வாங்கிட்டாங்க, இன்னும் பெருசாப் போகப் போக அந்த 30 கோடி மாதிரி எண்களுக்கு இடம் குறைஞ்சுகிட்டே வரும். ஈர்ப்பு விசைதான் சுருக்குதுன்னு டியோசியும் பென்ரோஸும் சொன்னதுக்கும் அதே கதை. அப்படிச் சுருங்கினா லேசா ஒரு கதிர்வீச்சு வரணும், அதை இத்தாலியில கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில ஜெர்மேனியம் டிடெக்டரை வெச்சுத் தேடினாங்க, அந்தத் தியரியோட எளிமையான வடிவம் எதிர்பார்க்கற அளவுக்கு வரலை, 2020ல அந்த வடிவத்தை ஓரம் கட்டிட்டாங்க. ஒரு தத்துவ உறுத்தல் கருவி வரைக்கும் போய் தோத்துட்டு வந்திருக்கு, எனக்கு இது கேவலமாத் தெரியலை, பெருமையாத்தான் இருக்கு.

கடைசியா ரெண்டு கோரிக்கை. அடுத்த இணைப்புல கட்டுரையாளர்கிட்ட, மாட்லினோட மூணு வாக்கியத்துல அவர் எதை விடறார்னு ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்க, எந்தப் பதிலா இருந்தாலும் சண்டைக்கு வர மாட்டேன், விலையையும் சேத்துச் சொன்னாப் போதும். இன்னொண்ணு ஒரு திருத்தம்: வாயை மூடிக்கிட்டு கணக்கைப் போடுன்னு ஃபைன்மன் சொன்னதா பெட்டிச் செய்தியில போட்டிருக்கீங்க. 1989ல அதை எழுதினது டேவிட் மெர்மின், அதுவும் கோபன்ஹேகன் மனப்பான்மையைக் கிண்டல் பண்ணி. ஃபைன்மன் 1964ல ஒரு சொற்பொழிவுல சொன்னது குவாண்டம் மெக்கானிக்ஸ் யாருக்கும் புரியலைங்கறதுதான், அது வேற.

இப்படிக்கு,
பழைய இயற்பியல் மாணவன், உங்கள் வாசகன்